மடக்குக் கத்தியின் உள்ளே



இன்றைய பேச்சு ஒரு சின்னப் பொருளைப் பற்றியது. மடக்குக் கத்தி. சிலர் இதைப் பேனாக் கத்தி என்பார்கள். வடக்கே போனால் சாக்கூ என்பார்கள். ஒரு காலத்தில் இறகைச் சீவிப் பேனா செய்தார்கள். அந்த இறகைச் சீவ ஒரு சிறிய கத்தி வைத்திருந்தார்கள். அதனால் வந்த பெயர்தான் பேனாக் கத்தி. இறகுப் பேனா போய்விட்டது. கத்தியின் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

யார் யாரிடம் இந்தக் கத்தி இருக்கிறது? ரயில் நிலையத்தில் கொய்யாவும் வெள்ளரியும் நறுக்கித் தரும் பெண்ணிடம் இருக்கிறது. மின்கம்பியின் மேல்தோலைச் சீவும் வயர்மேனிடம் இருக்கிறது. மூட்டைக் கயிறு அறுக்கும் சுமைதூக்கும் தொழிலாளியிடம் இருக்கிறது. மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் தோட்டக்காரரிடம் இருக்கிறது. இவர்களுக்கு இது விளையாட்டுப் பொருள் அல்ல. அன்றைய கூலி இந்தக் கத்தியில் இருக்கிறது.

"கத்தி கெட்டுப்போச்சு. புதுசு வாங்கணும்." இப்படிப் பலரும் சொல்வதைக் கேட்கலாம். ஆனால் உண்மையில் கெட்டது எது? பெரும்பாலும் வெட்டும் தகடு கெடுவதில்லை. அது இன்னும் பல வருடம் உழைக்கும். கெடுவது உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஆணி. அல்லது ஒரு சின்ன ஸ்பிரிங். அல்லது மெல்லிய வாஷர் ஒன்று. சில சமயம் அதுகூட இல்லை. வெறும் அழுக்குதான்.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு கத்தி 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு மூன்று கத்தி வாங்கினால் எவ்வளவு? 360 ரூபாய். அந்த மூன்றில் இரண்டை ஆணி மாற்றியே காப்பாற்றி இருக்கலாம் என்றால், மிச்சம் எவ்வளவு? 240 ரூபாய். தெருவோரத்தில் கூடை வைத்து விற்பவருக்கு இது சின்னத் தொகை அல்ல.

பணத்தை விடப் பெரியது ஒன்று உண்டு. அது விரல். ஸ்பிரிங் தளர்ந்த கத்தி, வெட்டும்போது திடீரென்று மடங்கும். கூர்ப் பக்கம் நேராக ஆள்காட்டி விரலின் மேல் இறங்கும். விரலின் உள்பக்கத்தில் நரம்புகளும் தசைநாண்களும் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. தசைநாண் அறுந்தால் விரல் மடங்காது. கையால் உழைப்பவருக்கு அதன் விலை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி. ஒரு மடக்குக் கத்தியைக் கையில் எடுங்கள். மெதுவாக விரியுங்கள். பாதி விரியும் வரை ஒரு எதிர்ப்பு இருக்கும். பிறகு "டக்" என்று ஒரு சத்தம். கத்தி நேராக நின்றுவிடும். அந்த "டக்" எங்கிருந்து வந்தது?

வெட்டும் தகட்டை அலகு என்று சொல்வார்கள். அலகின் ஒரு முனை கூர்மையாக இருக்கும். மறு முனை பிடிக்குள் இருக்கும். உள்ளே இருக்கும் அந்த முனை தடித்தது. ஏறக்குறைய சதுர வடிவம். இதை அடிக்கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். அடிக்கட்டையின் நடுவில் ஒரு துளை. துளையில் ஒரு ஆணி. இந்த ஆணியைச் சுற்றித்தான் அலகு திரும்புகிறது. கதவுக்குக் கீல் எப்படியோ, கத்திக்கு இந்த ஆணி அப்படி.

இப்போது கத்தியின் முதுகைப் பாருங்கள். பிடியின் முதுகு நெடுக ஒரு எஃகுப் பட்டை தெரிகிறதா? அதுதான் ஸ்பிரிங். சுருள் சுருளாக இருப்பது மட்டும்தான் ஸ்பிரிங் என்று எண்ண வேண்டாம். லாரிக்கு அடியில் பட்டை பட்டையாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதுவும் ஸ்பிரிங்தான். இதுவும் அதே சாதி, சின்னது. இந்தப் பட்டையின் பின் முனையில் ஒரு ஆணி. நடுவில் ஒரு ஆணி. இரண்டும் அதை அசையாமல் பிடித்திருக்கின்றன. முன் முனைக்கு மட்டும் ஆணி இல்லை. அது அலகின் அடிக்கட்டையை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது.

அடிக்கட்டை சதுரம் என்று சொன்னது இதற்காகத்தான். சதுரத்தின் தட்டையான பக்கம் ஸ்பிரிங்கின் மேல் உட்காரும்போது கத்தி அசையாமல் நிற்கும். விரித்த நிலையில் ஒரு பக்கம் உட்காரும். மடக்கிய நிலையில் இன்னொரு பக்கம் உட்காரும். இடையில் சதுரத்தின் மூலை ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு போகும். ஸ்பிரிங் சற்று வளைந்து கொடுக்கும். மூலை தாண்டியதும் "டக்" என்று திரும்பி வந்து உட்காரும். இவ்வளவுதான் சூத்திரம்.

பிடியின் இரண்டு பக்கமும் மெல்லிய பித்தளைத் தகடு அல்லது இரும்புத் தகடு இருக்கும். அதன் மேல் மரம், கொம்பு, பிளாஸ்டிக் ஏதாவது ஒன்றை ஒட்டி இருப்பார்கள். அலகுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் சில கத்திகளில் மெல்லிய வாஷர் உண்டு. மலிவான கத்தியில் இருக்காது.

எல்லாக் கத்தியிலும் ஸ்பிரிங் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸ் நாட்டில் ஒப்பினெல் என்று ஒரு கத்தி இருக்கிறது. 1890-இல் தொடங்கியது. மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி. ஸ்பிரிங்கே கிடையாது. 1955-இல் அதன் கழுத்தில் ஒரு வளையம் சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் என்பவர் 1897-இல் ஒரு கத்தி செய்தார். அதில் ஒரே ஸ்பிரிங் இரண்டு பக்கமும் வேலை செய்தது. ஒரு பக்கம் அலகு, மறு பக்கம் வேறு கருவிகள். இன்று உலகம் முழுவதும் விற்கும் சிவப்புக் கத்தி அதுதான். சின்னப் பொருள்தானே என்று விடாமல் யோசித்தவர்கள் செய்த வேலை இது.

நம் நாட்டில் கத்திக்குப் பெயர் பெற்ற ஊர் ராம்பூர். உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத்துக்கும் பரேலிக்கும் நடுவில் இருக்கிறது. நவாபுகள் ஆண்ட ஊர். மொராதாபாத் பித்தளை வேலைக்குப் பேர்போன ஊர். ஆகவே ராம்பூர்க் கத்திகளின் பிடியில் பித்தளை மின்னும். பழைய இந்திப் படங்களில் வில்லன் கையில் "ராம்பூரி" வந்தது. அது ஊருக்குப் பெயரும் வாங்கித் தந்தது, கெட்ட பெயரும் வாங்கித் தந்தது. 1990-களில் மாநில அரசு நாலரை அங்குலத்துக்கு மேல் நீளமான அலகுக்குத் தடை போட்டது. தொழில் படுத்துவிட்டது. கத்தி செய்த குடும்பங்கள் பலவும் வேறு வேலைக்குப் போயின. 2023-இல் அந்த ஊரின் ஒரு சந்திப்பில் 20 அடி நீளத்தில் ஒரு பெரிய கத்தியைச் சிலைபோல நிறுத்தினார்கள். சிலை வைத்தது நல்லதுதான். ஆனால் ஸ்பிரிங்குக்குப் பதம் வைக்கத் தெரிந்த கை சிலையால் வந்துவிடாது. அது பட்டறையில் பழகி வரவேண்டிய கை.

இனி வேலைக்கு வருவது நல்லது.

முதலில் அழுக்கு. பழம் நறுக்குபவரின் கத்தியில் இதுதான் பெரிய தொல்லை. பழச்சாறு ஸ்பிரிங்குக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே வழிகிறது. சாற்றில் சர்க்கரை இருக்கிறது. காய்ந்ததும் அது பசைபோல ஆகிவிடும். கத்தி விரியவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். உடனே எண்ணெய் விடுகிறார்கள். எண்ணெய் விட்டால் சர்க்கரை கரையாது. சர்க்கரை தண்ணீரில்தான் கரையும். ஒரு கிண்ணத்தில் வெந்நீர் எடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். கை பொறுக்கும் சூடு போதும். கத்தியைப் பாதி விரித்து, பிடிக்குள் வெந்நீர் புகும்படி நன்றாக அலசுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் கொண்டு தேயுங்கள். விளக்குமாற்றுக் குச்சியால் இடுக்கில் இருப்பதை நோண்டி எடுங்கள். இரும்பு ஊசியால் நோண்டினால் கீறல் விழும். கீறலில் துரு பிடிக்கும்.

பிறகு துணியால் துடைத்து வெயிலில் அரை மணி நேரம் விரித்து வையுங்கள். நன்றாகக் காய்ந்த பின்தான் எண்ணெய். ஒரு சொட்டு போதும். ஆணி இருக்கும் இடத்தில் ஒன்று. ஸ்பிரிங்கின் முன் முனையில் ஒன்று. தையல் மிஷின் எண்ணெய் நல்லது. கடுகெண்ணெய், கடலெண்ணெய் இரண்டும் நாளாக நாளாகப் பிசுபிசுவென்று ஆகிவிடும். ஆனால் பழம் வெட்டும் கத்தியில் மிஷின் எண்ணெய் விடலாமா? உள்ளே விடலாம். அலகில் படக்கூடாது. பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை கழுவினால் அதுவே போதும். வடக்கே குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். அப்போது மட்டும் கத்தி முரண்டு பிடிக்கும்.

துரு பிடித்து இறுகிய கத்திக்கு வெந்நீர் உதவாது. மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊற வையுங்கள். காலையில் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். வரவில்லையா? இன்னொரு இரவு விடுங்கள். பலம் காட்டி இழுத்தால் அலகு சட்டென்று விடுபட்டுக் கையைக் கிழிக்கும். மண்ணெண்ணெய் கிண்ணத்தை அடுப்புக்கும் குழந்தைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் என்று குழந்தைகள் குடித்துவிடுவதும் நடக்கிறது.

இப்படிச் சுத்தம் செய்தாலே பாதிக் கத்திகள் பிழைத்துவிடும். மீதிப் பாதிக்கு ஆணி வேலை.

அலகை விரித்து நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? ஆணி தேய்ந்திருக்கிறது, அல்லது ஆணியின் தலை தளர்ந்திருக்கிறது. ஒட்டுக் கட்டுபவருக்கு இந்த ஆட்டம் பெரிய பகை. லக்னோவுக்கு அருகே மலிஹாபாத் என்று ஒரு ஊர். தஷேரி மாம்பழத்துக்குப் பேர்போனது. அங்கே நாற்றுப் பண்ணைகளில் ஒட்டுக் கட்டுபவர்கள் கத்தியைத்தான் நம்பி இருக்கிறார்கள். தாய் மரத்துக் குச்சியையும் கன்றையும் ஒரே வீச்சில் சரிவாகச் சீவ வேண்டும். இரண்டு வெட்டும் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். பட்டைக்குக் கீழே இருக்கும் உயிருள்ள மெல்லிய படலம், படலத்தோடு சேர வேண்டும். அலகு ஆடினால் வெட்டு அலை அலையாக வரும். நடுவில் காற்று நிற்கும். ஒட்டு காய்ந்துவிடும். பல நாள் காத்திருந்த பிறகுதான் அது தெரியவரும்.

தளர்ந்த ஆணியை இறுக்குவது எப்படி? ஆணியின் ஒரு தலையைக் கெட்டியான இரும்பின் மேல் வையுங்கள். மறு தலையைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். அடி அல்ல, தட்டு. நாலு தட்டு தட்டிவிட்டு ஆட்டிப் பாருங்கள். மறுபடி நாலு தட்டு. ஒரேயடியாக அடித்தால் பக்கத் தகடுகள் அலகை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு கத்தி விரியாது. இதற்குப் பட்டறைக்காரர்கள் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். தட்டுவதற்கு முன்னால் அலகுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம் செருகுவார்கள். தட்டி முடித்ததும் காகிதத்தை உருவி விடுவார்கள். காகிதத்தின் கனம் அளவுக்கு இடம் மிஞ்சும். அலகு சுற்ற அது போதும்.

தட்டியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் ஆணியை மாற்ற வேண்டும். முதலில் அலகின் கூர்ப் பக்கத்தில் தடித்த துணியோ ஒட்டும் டேப்போ சுற்றிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. பிறகு ஆணியின் ஒரு பக்கத் தலையை அரத்தால் தேயுங்கள். தலை முழுவதும் போகும் வரை தேயுங்கள். பிடியை ஒரு பெரிய நட்டின் மேல் வையுங்கள். நட்டின் துளைக்கு நேரே ஆணி இருக்க வேண்டும். தேய்த்த பக்கத்தில் ஒரு மெல்லிய பஞ்சை வைத்துத் தட்டினால் ஆணி கீழே விழும். பஞ்ச் இல்லையா? முனை மழுங்கிய கம்பி ஆணி போதும். பழைய ஆணியை எறிந்துவிட வேண்டாம். அதுதான் புது ஆணிக்கு அளவு.

அளவு எடுப்பதற்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். ஒரு சென்டிமீட்டரில் பத்துச் சின்னக் கோடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர். சிறிய கத்திகளில் ஆணியின் தடிமன் 2 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சைக்கிளின் ஸ்போக்ஸ் கம்பியும் பெரும்பாலும் 2 மில்லிமீட்டர்தான். உடைந்த ஸ்போக்ஸ் கம்பி சைக்கிள் கடையில் சும்மாவே கிடைக்கும். ஆனால் அது கொஞ்சம் கடினமான கம்பி. தலை விரியாமல் வெடிக்கும். ஆகவே அதைத் தணலில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து, தானாக ஆற விடுங்கள். இப்போது மெதுவாகி இருக்கும். ஹார்டுவேர் கடையில் பித்தளைக் கம்பி கிடைத்தால் இன்னும் சுலபம். பித்தளை துருப்பிடிக்காது. இரும்பை விடச் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான்.

புது ஆணி துளைக்குள் இறுக்கமாகப் போக வேண்டும். லொடலொடவென்று போனால் மாற்றியும் பயனில்லை. நீளம் எவ்வளவு? பிடியின் முழு அகலம், அதோடு இரண்டு பக்கமும் சற்று வெளியே நீள வேண்டும். அந்த மிச்சம்தான் தட்டித் தலை ஆக்குவதற்கு. 2 மில்லிமீட்டர் ஆணிக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட விட்டால் போதும். அதிகமாக விட்டால் தட்டும்போது ஆணி உள்ளேயே கோணிக்கொள்ளும்.

இப்போது ஒரு சிக்கல் வரும். ஆணியைக் கழற்றியதும் ஸ்பிரிங் அலகை வெளியே தள்ளிவிட்டது அல்லவா? மறுபடி உள்ளே வைத்தால் மூன்று துளைகளும் நேராக வரமாட்டா. பக்கத் தகட்டுத் துளை ஓரிடத்தில், அலகின் துளை இன்னோரிடத்தில். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் பொறுமை இழப்பார்கள். ஒரு கம்பியின் முனையைப் பென்சில்போலக் கூம்பாகச் சீவிக்கொள்ளுங்கள். இது தற்காலிக ஆணி. அலகை அழுத்திப் பிடித்துக்கொண்டு இந்தக் கூம்பு முனையைத் துளையில் நுழைத்து ஆட்டி ஆட்டித் தள்ளுங்கள். கூம்பு போகப் போகத் துளைகள் தாமாக நேராகும். பிறகு உண்மையான ஆணியை மறு பக்கத்தில் வைத்துத் தற்காலிக ஆணியைத் தள்ளிக்கொண்டே உள்ளே அனுப்புங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் தள்ளினால் எளிது. கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யலாம். சண்டை போடாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அடிக்கட்டையின் துளையே முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால்? அப்போது தடித்த ஆணி போட வேண்டும். அதற்குத் துளையை வட்டமாகப் பெரிதாக்க வேண்டும். அலகு கடினமான எஃகு. சாதாரண டிரில் மழுங்கிப் போகும். இதைப் பட்டறையில் கொடுத்துச் செய்வதே மேல். சிலர் துளையைப் பெரிதாக்கி உள்ளே ஒரு பித்தளைப் புஷ் செருகுவார்கள். பழைய ஆணி அளவே போதுமானதாக இருக்கும். நல்ல வேலைக்காரர் என்றால் இதைத்தான் செய்வார்.

வாஷர் வேலை சின்னது. தேய்ந்திருந்தால் மெல்லிய பித்தளைத் தகட்டில் வட்டமாகக் கத்தரித்து நடுவில் துளை போட்டு உப்புத்தாளில் தேய்த்துப் பிசிறு எடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே கனம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்கும்.

இப்போது கடினமான பகுதி. ஸ்பிரிங் ஒடிந்துவிட்டது. பெரும்பாலும் நடு ஆணியின் துளைக்கு அருகில்தான் ஒடியும். வளையும் பாரம் முழுவதும் அங்கே விழுகிறது. துளை போட்டதால் அங்கே எஃகும் குறைவு. அதன் மேல் துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒடிந்த ஸ்பிரிங்கை வெல்டிங் வைத்து ஒட்டலாமா? பலர் கேட்கிறார்கள். ஒட்டலாம், ஆனால் நிற்காது. வெல்டிங் சூட்டில் ஸ்பிரிங்கின் பதம் போய்விடும். ஒரு வாரத்தில் பக்கத்திலேயே ஒடியும், அல்லது வளைந்தது வளைந்தபடியே நிற்கும். புதிதாகச் செய்வதுதான் வழி.

எதில் செய்வது? சாதாரண இரும்புத் தகடு ஆகாது. அது வளையும், ஆனால் திரும்பி வராது. பழைய கைரம்பத்தின் தகடு ஆகும். லாரிப் பட்டையில் ஒரு துண்டு கிடைத்தால் கொல்லர் அதை அடித்து மெல்லிசாக்கித் தருவார். பழைய ஸ்பிரிங்கின் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்து, ஆணியால் கோடு கீறி, அதே வடிவத்தில் வெட்டி அரத்தால் ராவ வேண்டும். துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும். பதம் வைத்த பிறகு துளை போட முடியாது.

பதம் வைப்பதில் இரண்டு படி உண்டு. முதல் படி, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவது. எவ்வளவு சிவப்பு? கொல்லர்கள் கண்ணால் பார்த்துச் சொல்வார்கள். கண் பழகாதவர்களுக்கு ஒரு காந்தம் உதவும். எஃகு ஒரு அளவுக்கு மேல் சூடேறினால் காந்தம் அதை இழுக்காது. அந்தச் சூடு சுமார் 770 டிகிரி. காந்தம் இழுக்காமல் போனதற்குச் சற்று மேலே காய்ச்சி உடனே எண்ணெயில் முக்க வேண்டும். இப்போது எஃகு மிக மிகக் கடினம். ஆனால் கண்ணாடிபோல. கீழே விழுந்தால் உடையும்.

ஆகவே இரண்டாவது படி. மேல் கருப்பை உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி இலேசாகக் காய்ச்ச வேண்டும். அப்போது எஃகின் மேல் ஒவ்வொன்றாக நிறம் ஓடும். பார்க்க அழகாக இருக்கும். முதலில் வைக்கோல் நிறம். அது சுமார் 220 டிகிரி. பிறகு பழுப்பு. பிறகு கத்தரிப்பூ நிறம். பிறகு நீலம். அது சுமார் 300 டிகிரி. வெட்டும் அலகுக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும். ஸ்பிரிங்குக்கு நீலம் வரும்வரை போக வேண்டும். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்திய ஸ்பிரிங் ஒடியும். நீலம் தாண்டி வெளுத்துப் போனால் மெத்தென்று ஆகிவிடும். ஒரே எஃகுதான். நிறம் காட்டும் சூடுதான் அதை அலகாகவும் ஸ்பிரிங்காகவும் ஆக்குகிறது.

இதை அறிந்துகொண்டால் இன்னொன்றும் புரியும். சாணை பிடிப்பவர் சக்கரத்தில் அலகை அழுத்திப் பிடிக்கும்போது சில சமயம் விளிம்பு நீலமாக மாறும். தீப்பொறி பறப்பதைப் பார்த்து நல்ல சாணை என்று நினைக்கிறார்கள். ஆனால் நீலமான விளிம்பில் அலகின் பதம் போய்விட்டது. இனி அது கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் முக்கி முக்கிச் சாணை பிடிக்கச் சொல்லுங்கள். காசு கொடுப்பவர் கேட்கலாம். தவறில்லை.

பதம் வைக்கும் வேலையை வீட்டுக்குள் செய்ய வேண்டாம். சூடான இரும்பு பட்டு எண்ணெய் தீப்பிடிக்கும். கொல்லர் பட்டறையில் செய்யுங்கள். அவருக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் "நீலம் வந்ததா?" என்று கேட்டால் அவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு வேலை இன்னும் கவனமாக நடக்கும்.

இப்போது கடைகளில் வேறு வகைக் கத்திகளும் வருகின்றன. ஆணிக்குப் பதிலாக ஸ்குரு இருக்கும். ஸ்குருவின் தலையில் நட்சத்திரம்போல ஒரு பள்ளம். இதற்கு ஆறு முனை நட்சத்திரச் சாவி வேண்டும். செல்போன் பழுது பார்ப்பவர்களிடம் இருக்கும். இந்தக் கத்திகளில் அலகைத் தாங்குவது முதுகு ஸ்பிரிங் அல்ல. பக்கத் தகட்டிலிருந்தே ஒரு நாக்கு வளைந்து வந்து, விரிந்த அலகின் பின்னால் தடுப்பாக நிற்கும். மடக்க வேண்டும் என்றால் அந்த நாக்கைக் கட்டைவிரலால் ஒதுக்க வேண்டும். ஸ்குரு தளர்ந்தால் நாக்கு சரியாக உட்காராது. ஸ்குருவைக் கழற்றி, மரையில் ஒரு சொட்டு நகப்பாலிஷ் வைத்து முடுக்குங்கள். பிறகு அது தானாகத் தளராது. நாக்கே தேய்ந்து, முழுக்கத் தள்ளியும் அலகு நிற்கவில்லை என்றால் அந்தக் கத்தியை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எந்தக் கத்தியாக இருந்தாலும், பழுது பார்த்த பின் ஒரு சோதனை உண்டு. அலகை விரியுங்கள். விரல்கள் அலகு மடங்கும் வழியில் இல்லாமல் பிடியைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அலகின் முதுகை, அதாவது கூர் இல்லாத பக்கத்தை, ஒரு மரப்பலகையில் இலேசாகத் தட்டுங்கள். பூட்டு உள்ள கத்தி மடங்கவே கூடாது. முதுகு ஸ்பிரிங் கத்தி பலமாகத் தட்டினால் மடங்கும். அது இயல்பு. ஆனால் இலேசான தட்டுக்கே மடங்கினால் ஸ்பிரிங் போதவில்லை. அடுத்து மடக்கிப் பாருங்கள். அலகின் கூர் உள்ளே ஸ்பிரிங்கில் இடிக்கிறதா? இடித்தால் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் கூர் மழுங்கும். அடிக்கட்டையை ராவும்போது அதிகம் ராவிவிட்டால் இப்படி ஆகும்.

கடைசியாகச் சட்டம். 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் கத்திகளைப் பற்றியும் பேசுகின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமான, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகு உள்ள கத்திகள் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்த கத்திகளுக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் மாநில அரசுகளின் அறிவிப்புகள் வேறு வேறாக இருக்கும். டெல்லியில் 1980-இல் ஒரு அறிவிப்பு வந்தது. பொத்தானை அழுத்தினால் தானாக விரியும் கத்தி, 7.62 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும் 1.72 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் இருந்தால், அதை வைத்திருக்கக் கூடாது என்றது. வெளியூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். பழம் வெட்டும் கத்தி பழக்கூடையில் இருக்கட்டும். ஒட்டுக் கத்தி கருவிப் பையில் இருக்கட்டும். திருவிழாக் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் பையில் கத்தி வைக்கவே கூடாது. வாங்கி வைத்துக்கொள்வார்கள். திரும்பக் கிடைக்காது.

இந்தப் பேச்சு முடிந்ததும் மையத்தின் மேசை மேல் ஐந்து பழைய கத்திகள் இருக்கும். ஒன்றில் சர்க்கரை அடைத்திருக்கிறது. இரண்டில் ஆணி தளர்ந்திருக்கிறது. ஒன்றில் வாஷர் இல்லை. ஒன்றில் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது. எது எது என்று எழுதி வைக்கவில்லை. விரித்தும் ஆட்டியும் பார்த்து, ஒவ்வொன்றின் குறையையும் ஒரு தாளில் எழுதுங்கள். வெந்நீரும் பிரஷும் சுத்தியலும் பக்கத்திலேயே இருக்கின்றன. கூரில் துணி சுற்றிய பிறகு தொடங்குங்கள்.